சுவிட்ச் வைத்திருப்பவனுக்கு ஓட்டு இல்லை

பாய்,

நேற்று எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டரைப் பற்றிக் கூட்டம். பேச்சு நடுவிலேயே கரண்ட் போய்விட்டது. யார் வீட்டு யூ.பி.எஸ்ஸோ கீ கீ என்று கத்தியது. அவ்வளவுதான், என் வலது கை தானாக மேலே போய்விட்டது.

"என்ன சார், ஏதாவது சொல்லணுமா?" என்றார் செயலாளர், செல்போன் டார்ச்சை என் மேல் அடித்து.

பக்கத்தில் இருந்த என் மகள், "அப்பா, கையை இறக்குங்க, மானம் போகுது" என்று முணுமுணுத்தாள். அது உன் கடையில் பழகிய கை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பீர்க்கன்கரணையில் நீ வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர்கள். கரண்ட் போனால் யூ.பி.எஸ் தாங்குவது மூன்றைத்தான். மற்ற கடைகளில் முதலாளி யாரைப் பார்த்துச் சிரிக்கிறாரோ அவர் பிழைத்தார். உன் கடையில் அப்படியில்லை. அவசரம் உள்ளவர்கள் கையைத் தூக்கிக் காரணம் சொல்ல வேண்டும். யாருக்கு விடுவது என்று உட்கார்ந்திருப்பவர்களே முடிவு செய்வார்கள். மற்றவற்றை அணைப்பது மட்டும்தான் உன் வேலை.

"சுவிட்ச் வச்சிருக்கிறவனுக்கு ஓட்டு இல்ல மச்சான்" என்பாய்.

நான் பத்தாம் வகுப்புக் கணக்கோடு சண்டை போட்டு வெளியே வந்தவன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது சீட்டாட்டம் ஒன்றுதான். "ஆட்டம் முடியப்போவுது, ரெண்டே நிமிஷம்" என்று நானும் கையைத் தூக்குவேன். ஒரு தடவைகூட எனக்கு ஓட்டு விழுந்ததில்லை. அதற்காக நான் தேர்தலில் நிற்பதை விட்டுவிடவும் இல்லை.

அந்த 2005ஆம் வருஷம்தான் இன்டர்நெட்டை யார் ஆள்வது என்று உலக மாநாடு கூட்டி நாடுகள் சண்டை போட்டன. நீ பேப்பரை விரித்துக்கொண்டு சத்தமாகப் படித்தாய்.

"இன்டர்நெட்டோட அட்ரஸ் புக்கு அமெரிக்கா மேற்பார்வையிலதான் கீதாம். பொதுவுல வைங்கன்னு மத்த நாடெல்லாம் கத்துது."

"அதுக்கு ஓனர் நம்ம கேபிள்காரர் இல்லியா?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. சீட்டுக்கட்டு ராஜாகூடச் சிரித்த மாதிரி இருந்தது.

காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன் ஒருவன், "பொதுவுல வச்சா, பிடிக்காத சைட்டையெல்லாம் மூடச் சொல்ற அரசாங்கமும் உள்ள வரும் பாய். இப்ப இருக்கிறவங்க ஒண்ணும் மூடலையே?" என்றான்.

"மூடலப்பா. மூட முடியும்ல? அந்த அரசாங்கங்க கையிலயும் தராத. எவன் கையிலயும் தனியா தராத" என்றாய் நீ.

அடுத்த வெள்ளிக்கிழமையே உனக்குப் பரீட்சை வந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கும் மகனோடு கேமராவில் பேசிக்கொண்டிருந்தார். பழைய ஊர்க் குடும்பம். வயலை விற்றுக் கட்டிய கட்டடம் அது. கரண்ட் போனது. கைகள் எழுந்தன. வேலைக்கு விண்ணப்பம் போட்ட ஒருவருக்கும், புராஜெக்ட் அனுப்பிய அந்தப் பையனுக்கும், வாரத்தில் அன்று ஒரு நாள் மட்டும் லீவு கிடைக்கும் துபாய்க் கணவரோடு பேசிய ஒரு அக்காவுக்கும் ஓட்டு விழுந்தது. கட்டடக்காரர் கையையே தூக்கவில்லை.

"நான் எதுக்குத் தூக்கணும்? பில்டிங் என்னுது."

"பில்டிங் உங்களுது சார். ஓட்டு இவங்களுது" என்று சொல்லி அணைத்துவிட்டாய். திரையில் அவர் மகன் முகம் அப்படியே கறுத்துப்போனது.

"ஒரு மாசத்துல காலி பண்ணு."

நான் உன்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். "பேஜார் பண்ணாத பாய். ஒரே ஒரு தடவை அவருக்கு விட்டுக்கொடு. கடை போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"ஒரு தடவை நான் ஓட்டு போட்டுட்டா, அப்புறம் இவங்க கை எதுக்கு மச்சான்? சோம்பல் முறிக்கவா?"

காலி செய்தாய். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பொந்துக்குப் போனாய். நாலு கம்ப்யூட்டர்களுக்கு மேல் இடமில்லை. அந்த யூ.பி.எஸ்ஸைத் தோளில் தூக்கி வந்தவன் நான். இடுப்பு இன்றைக்கும் உன்னைத் திட்டுகிறது. நாலில் அணைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்கும் ஓட்டு வைத்தாய். வழக்கம் போல என்னுடையதுதான் அணைந்தது.

அந்த உலக மாநாடும் முடிந்தது. சுவிட்ச் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தொடர்ந்து பேசுவோம் என்று கலைந்தார்கள். "பேசட்டும், கைய மட்டும் இறக்கக் கூடாது" என்றாய். இப்போது நீயும் இல்லை, பிரவுசிங் சென்டரும் இல்லை. அவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றுக் கரண்ட் போவதற்கு முன்னால் செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "ஜெனரேட்டர் ரூம் சாவி என்கிட்ட இருக்கு. எந்த பிளாக்குக்குக் கரண்ட் விடணும்னு நானே பாத்துக்கறேன்." எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அப்போதுதான் அந்தக் கீ கீ.

மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கையை இறக்கவில்லை.

"சார், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அதனால உங்களுக்கு ஓட்டு இல்லை. எந்த பிளாக்குன்னு நாங்க சொல்றோம்."

"இது என்ன சார் புது சட்டம்?"

"பழசு சார். பீர்க்கன்கரணை சட்டம்."

இருட்டில் வேறு யார் கையும் எழுந்ததாகத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் தோற்ற வேட்பாளரான எனக்கு அது பழக்கம்தான். கை வலித்தது, ஆனாலும் வைத்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்ததும் திரும்பிப் பார்த்தேன் பாய். வெட்கத்தில் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கியிருந்தாள் மகள்.

எனக்கு விழுந்த முதல் ஓட்டு.