திரைக்கு அடங்காத வரைபடம்

ஜமுனாமரத்தூர்,
9.6.2024

அன்புக் காஷிஃபா,

இங்கே எல்லோரும் நலம். டவர் மறுபடி படுத்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

நீ கொடுத்த லேப்டாப்பில் எங்கள் ஊர் நிலங்களை வரைபடமாக வரைகிறேன். வன உரிமைப் பட்டாவுக்காக அடுத்த மாதம் அதிகாரிகள் வருகிறார்கள். வரைபடத்தையும் ஜிபிஎஸ் அளவுகளையும் பக்கம் பக்கமாக வைக்கச் சின்னத் திரையில் இடமே இல்லை. செங்கத்திலிருந்து உதவிக்கு வந்திருக்கும் தமிழ்மணி அக்கா டெர்மினலில் ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தார். டெஸ்க்டாப், திரையைவிட நாலு மடங்கு பெரிதாகிவிட்டதடி! மவுஸை ஓரத்துக்குத் தள்ளினால் திரை கூடவே நகர்கிறது. மாதம்மாள் சித்தி பார்த்துவிட்டு, "இன்னாடி, பொட்டிக்குள்ளயே மலை ஏறிப் போற!" என்றாள்.

தமிழ்மணி அக்காவுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. உன்னைப் போலவே ரொம்பக் கெட்டிக்காரி.

உன்
அன்பரசி

வாணியம்பாடி,
15.6.2024

அன்பு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

அந்த ஒரு வரி எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் ஒரு கார்டில் எழுதி அனுப்பியிருப்பேன். அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது யார்? கல்லூரி லேபில், "பயமா கீதுடி, நீயே அடி" என்று என் பின்னால் ஒளிந்தவள் நீ. இப்போது கடிதம் முழுக்கத் தமிழ்மணி அக்கா. என் பாஸ்வேர்டையும் அவரிடம் சொல்லிவிட்டாயா?

நான் இங்கே அப்பாவின் செருப்புக் கடையில் பில் போடுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

இன்னொன்று. என் தம்பி இல்யாஸுக்குப் படிக்க அவசரமாக லேப்டாப் வேண்டுமாம். இந்த வாரமே அனுப்பிவிடு.

காஷிஃபா

ஜமுனாமரத்தூர்,
14.7.2024

அன்புக் காஷிஃபா,

உன் கடிதம் வந்த மறுநாளே என் வீட்டுக்காரரிடம் லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினேன். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்ட இல்யாஸ், "எனக்கா? எங்கிட்ட புதுசே கீதுண்ணா. அக்கா இன்னாத்துக்குக் கேட்டுச்சு?" என்றானாம்.

வரைபடம் பென் டிரைவில் இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் இல்லை. தமிழ்மணி அக்காவும் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். மிச்சத்தைச் சார்ட் பேப்பரில் கையால் வரைந்தேன். அதிகாரிகள் வந்து பார்த்து, ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலங்களைச் சரியாக வரையவில்லை என்று அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். மாதம்மாள் சித்தியின் நிலமும் அதில் நின்றுவிட்டது. "உங்கிட்ட இருந்த பொட்டி எங்கடி?" என்று கேட்டாள். ரிப்பேர் என்றேன். உன்னை விட்டுக்கொடுத்துப் பேச மனசு வரவில்லை.

பாஸ்வேர்டு பற்றிக் கேட்டாய். அக்காவை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு நான்தான் அடித்தேன்.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? அதை மட்டும் எழுது.

அன்பரசி

வாணியம்பாடி,
19.7.2024

என் அன்பு,

நீ ஒரு குறையும் வைக்கவில்லை.

நேற்றுதான் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஒரு வரியை நீ எடுக்காமலே அனுப்பியிருந்தாய். மவுஸைத் தள்ளத் தள்ள நிலம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெயர். இவ்வளவையும் நீ வரைந்தாயா என்று வயிறு எரிந்தது. நம் இரண்டு பேரில் நான்தான் பெரிய ஆளாவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்மணி அக்கா மேல் எனக்கென்ன கோபம்? எல்லாம் உன்மேல்தான். அந்தக் கோபத்தில்தான் இல்யாஸ் பேரைச் சொல்லி லேப்டாப்பைக் கேட்டேன்.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் வழியாக வரும் காலை பஸ்ஸில் லேப்டாப்போடு வருகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை உன்னோடு இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சித்தியிடம் நடந்ததை நானே சொல்கிறேன்.

நிறுத்தத்தில் நீ இல்லையென்றால் லேப்டாப்பைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். திட்ட வேண்டுமென்றாலும் நேரில் வந்து திட்டுடி.

காஷிஃபா