வெள்ளிக்கிழமை பார்த்த வாசகசாலை

நாயுடுபுரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சுசித்ராவுக்கு,

நான் நலம். நீ நலமாய் இருப்பது, புதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் உன் போட்டோவிலேயே தெரிந்தது. போனில் பேசினால் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். பள்ளிக்கூடத்திலிருந்தே அதுதான் உன் வித்தை. இன்றைக்கு எனக்குச் சிரிக்க இஷ்டமில்லை, அதனால்தான் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன்.

புத்தகம் வந்து சேர்ந்தது. பத்து ஊர் நூலகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓவியர், ஓர் எழுத்தாளர் என்று நீ சொன்ன நாளிலிருந்து, நம் இருவர் பெயரும் ஒன்றாக வரப்போகிறது என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆசையாகப் பிரித்தால், நம் வாசகசாலை உன் கட்டுரையில் செத்துக் கிடக்கிறது. துருப்பிடித்த பூட்டு, பனி படிந்த ஜன்னல், காலி நாற்காலிகள். கடைசி வாசகனும் மலையிறங்கிப் போய்விட்டான் என்று முடித்திருக்கிறாய். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நானே இன்னொரு தரம் திருப்பிப் படித்தேன். அப்புறம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நீ வந்தது என்ன கிழமை, சுசி? வெள்ளிக்கிழமை. அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார், கடையில் நான்தான் இருந்தேன். ஒரு டீகூடக் குடிக்காமல் காரிலிருந்தே கையாட்டிவிட்டுப் போனாய். வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்று வாசகசாலைக் கதவில் பலகை தொங்குகிறது. அதை எழுதியதே நான். ஜன்னல் வழியாக நாற்காலியை எட்டிப் பார்த்தவளுக்குக் கதவில் இருந்தது கண்ணில் படவில்லையா? மறுநாள் காலையில் நூலகர் செந்தில்வேல் அண்ணன் வழக்கம்போல அதே பூட்டைத் திறந்தார். நீ அதற்குள் சென்னை போய்ச் சேர்ந்திருப்பாய்.

ஆளில்லாத இடமா அது? பேப்பரின் முதல் பக்கத்துக்கு இத்ரீஸ் மாமா தினமும் போடும் சண்டை எங்கள் கடை வரைக்கும் கேட்கும். ஸ்வேதா என்று ஒரு பெண், அடுக்கம் கிராமத்திலிருந்து வெள்ளனே ஜீப் பிடித்து வந்து குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் டிவி வேறு. வாசகசாலை இல்லையென்றால் அவளுக்குப் படிக்க இடமே இல்லை. உன் கட்டுரையைப் படித்துவிட்டு, அக்கா, நாங்கல்லாம் செத்துப் போயிட்டோமா என்று என்னைக் கேட்டாள்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் படத்தை என்ன செய்தாய்? ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, அங்கே இருந்தவர்களோடு சேர்த்து வரைந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முறைக்கிற மாமா, பேனாவைக் கடிக்கிற ஸ்வேதா, இடமில்லாமல் தரையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள். புத்தகத்தில் அந்தப் படம் இல்லை. ஜன்னல் எங்கே, நாற்காலி எங்கே என்று அளவு பார்க்க நான் பென்சிலால் கிறுக்கி, சும்மா பார் என்று உனக்கு அனுப்பிய தாள் இருக்கிறது. பதிப்பகத்தில் கேட்டால், கட்டுரைக்கு அதுதான் பொருந்துகிறது என்று நீதான் கொடுத்தாயாம். சேர்ந்து செய்வது என்றால் இதுதானா? உன் சோகத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறார்கள் என்று இத்தனை பேரையும் துடைத்துப் போட்டுவிட்டாய். கீழே என் பெயர் வேறு!

இனிமேல்தான் விஷயமே. வாசகசாலைக் கட்டிடம் ஓர் அறக்கட்டளையுடையது என்பது உனக்குத் தெரியும். அதைத் தங்கும் விடுதியாக்க வேண்டும் என்று செயலாளர் பொன்னுச்சாமிக்கு ரொம்ப நாள் ஆசை. இன்று காலை அறக்கட்டளைக் கூட்டத்துக்கு உன் புத்தகத்தோடு வந்தார். உறுப்பினர்களில் பாதிப்பேர் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்கள், வாசகசாலைக்குள் கால் வைத்தே வருஷக் கணக்காகிறது. அவர்களுக்கு உன் கட்டுரையை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாருமே வராத எடம் சும்மா கெடக்கு, இன்னும் எதுக்குங்க வச்சிருக்கணும் என்று முடித்தார்.

வாசகர்கள் சார்பில் போயிருந்த நான் எழுந்து, தினமும் ஆள் வருதுங்க என்றேன். அவர் அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, இது நீ வரைஞ்சதுதானேம்மா, இதுல ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம் என்றார். கூட்டமே சிரித்தது. என் பெயர் போட்ட படத்தை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்கள். வெளியே வந்து அழுதேன். அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட உன் மேல் வந்ததுதான் அதிகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாதே. அதையும் நீ அழகாக எழுதிவிடுவாய். நேரில் வா. பூட்டியிருந்த நாளில் வந்து பார்த்துவிட்டு எழுதினேன் என்று எழுதியவளே எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் சொல்லி எடுபடவில்லை.

சனிக்கிழமையே வந்துவிடு. வாசகசாலைக்குள் போ. உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டிரு. ஸ்வேதா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். என்ன கேட்பாளோ, எனக்குத் தெரியாது. மழை விடவில்லை, ஸ்வெட்டர் எடுத்துக்கொள். உனக்காக துஆ செய்வதாக அத்தா சொல்லச் சொன்னார். இவ்வளவையும் அவரிடம் சொன்ன பிறகும் அப்படித்தான் சொன்னார். உன் எழுத்துக்கு ஒரு குறையும் வர வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன், கோபம் தீரவில்லை என்றாலும்.

என் பெரிய படத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். அதைத் தனியாளாகத் தூக்கிக் காட்ட முடியாது. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். மறுபக்கம் பிடிக்க வேறு யாரையும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அல்மாஸ்