பின்னந்தலைக்குக் கை எட்டலை

வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம்தான். உன் முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரையை விட்டுடாதே.

ஒரு சேதி, பதறாதே. தலைக்கு டை அடிக்கிறதை விட்டுட்டேன். பின்னந்தலைக்குக் கை எட்டலை. அங்கே நீ திட்டிக்கிட்டே பூசிவிடுவே. இங்கே ரூமில் இருக்கிறவங்ககிட்ட 'கொஞ்சம் பூசிவிடுங்கப்பா'ன்னு கேட்க வாய் வரலை.

நரையைப் பார்த்ததும் சூப்பர்வைசர், கிடங்கில் பெட்டி தூக்க வேண்டாம்னு என்னை வாசல் கேட்டில் உட்கார வச்சிட்டார். நாற்காலி உத்தியோகம்! பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை.

டை கறை பட்ட என் பழைய துண்டைத் தூக்கிப் போட்டுடாதே.

லாரி ஹாரன் அடிக்குது, கேட்டைத் திறக்கணும். இப்போ எடுத்த போட்டோ ஒண்ணு இதோட வச்சிருக்கேன். சின்னவகிட்ட இப்பவே காட்டிவை. நான் லீவில் வரும்போது ஏர்போர்ட்டில் அவ கறுப்புத் தலையைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது.

உன் கிழவன்