பெயர் போடாத புகார்

இன்று மாலை மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் என் செருப்பு வார் அறுந்தது. வெளியே உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவர் டப்பாவைத் திறந்து சொல்யூஷன் பசையைத் தடவினார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். உன் சேலை, தலைமுடி, நீ மதியத்துக்குக் கட்டிவந்த எலுமிச்சைச் சோறுகூட அப்படித்தான் மணக்கும். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். அழுதுகொண்டு எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

தாராவி முனிசிபல் பள்ளியில், தமிழ் மீடியத்தில், நாம் ஒரே பெஞ்சு. உன் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். என்னுடையது கோழி கிளறியதுபோல. பத்தாவது முடித்ததும் நீ தோல் பை செய்யும் பட்டறைக்குப் போனாய். நான் காலேஜ் போய், ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்கு போகிற இடங்களில் தொழிலாளியை மனிதராக நடத்துகிறார்களா, காற்றும் தண்ணீரும் கெடாமல் இருக்கிறதா, குறை இருந்தால் சொல்ல வழி உண்டா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் பட்டியலில் ஒருநாள் உன் பட்டறையும் வந்தது. "ஏளா, நீயா ஆபீசரு!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாய்.

அங்கே புகார்ப் பெட்டியை மாட்டியது நான். 'பெயர் எழுத வேண்டாம், உங்கள் தாய்மொழியிலேயே எழுதலாம்' என்று தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து ஒட்டியதும் நான். தமிழைச் சேர்க்க ஆபீசில் சண்டையே போட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பசை போடும் அறையில் இருந்தது ஒரே ஜன்னல். சரக்கு அடுக்க ரேக் வேண்டுமென்று அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் தலை சுற்றுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சொன்னாய். எழுதிப் பெட்டியில் போடு என்றேன்.

"பேரு போடாட்டா நாந்தான்னு தெரியாதாக்கும்?"

"எப்படிளா தெரியும்? அதுக்குத்தானே பெட்டி வச்சிருக்கு."

நீ எழுதிப் போட்டாய். பெட்டியைத் திறக்கும் குழுவின் தலைவர் யார் தெரியுமா, பட்டறை சேட்டின் மச்சான்! வேலிக்கு ஓணான் சாட்சி. அவர் உன் தாளைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். 'மேடம், இதில் என்ன எழுதியிருக்கிறது?' உன் எழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். பெட்டி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்தே நிமிடத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டேன்.

அந்தப் பட்டறையில் மற்றவர்கள் எல்லாரும் இந்தி எழுதுகிறவர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். தமிழில் எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்தி. என்ன எழுதியிருக்கிறது என்றுதான் மச்சானுக்குத் தெரியவேண்டியிருந்தது. யார் எழுதியது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

அடுத்த வாரமே உன்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நான் பதறிக்கொண்டு ஓடிவந்தேன். நீ உளுந்து அரைத்துக்கொண்டே, "எனக்கு நல்ல கையெழுத்துன்னு டீச்சர் சும்மாவா சொன்னாவ? பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டானுவல்லா" என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புகார்க்காரி என்று பெயர் பரவி, வேறு பட்டறையிலும் உன்னைச் சேர்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து நுரையீரல் கெட்டு நீ போனாய். பசையால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். சரி, நானும் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்டது ஒரு ஜன்னல். அதைக் கேட்டதற்கு உன் பிழைப்பைப் பிடுங்கினார்கள். இதைச் சொல்ல எனக்கு எந்த டாக்டரும் வேண்டாம்.

போன மாதம் அதே பட்டறைக்கு மறுமதிப்பீடு. பழைய கோப்பில் உன் புகாருக்கு எதிரே பட்டறைக்காரர்கள் எழுதிய ஒரு வரி இருந்தது: 'புகார் அளித்தவர் தற்போது பணியில் இல்லை. எனவே புகார் முடிக்கப்பட்டது.' மூன்று முறை படித்தேன். பெயரே இல்லாத புகார்! கொடுத்தவர் வேலையில் இல்லை என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அதற்கும் மேலே எங்கள் ஆபீஸ் முத்திரை, 'திருப்தி' என்று.

அதற்குப் பிறகு பெட்டியில் ஒரு தாள்கூட விழவில்லை. புகார் பூஜ்யம், அதனால் முழு மதிப்பெண் என்று படிவம் சொல்கிறது. உன் இடத்தில் இப்போது பீகார்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பக்கத்தில் மச்சான் நிற்க, "சப் டீக் ஹை, தீதி" என்றாள், எல்லாம் சரியாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு இருமினாள். ரேக்குக்குப் பின்னால் அதே பலகை.

அந்தப் பூஜ்யத்துக்கு அடியில் உன் கதையை எழுதினேன். எங்கள் சார் நல்ல மனுஷன்தான், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இதெல்லாம் எடுத்துடும்மா. கம்பெனிக்காரங்க கேட்டது மதிப்பீடு, விசாரணை இல்லை."

"சொல்ல வழி இருக்கான்னு பாக்கிறதுதானே சார் மதிப்பீடு? சொன்னவளுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க வேண்டாமா?"

அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் எடுக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கே நேராக அனுப்பினேன். அதனால் இந்த வேலை எனக்கு எத்தனை நாளைக்கு என்று தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும்.

இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும், பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இங்கே யார் எந்த மொழியில் எழுதுவார்கள் என்று விசாரிக்கிறேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வேலை அது. உன்னைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அனுப்பிய கடிதத்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்லி நீ எழுதிய நான்கு வரிகளையும் தமிழிலேயே வைத்தேன். கீழே என் பெயரை, முழுப் பெயரை, என் கோழிக் கிறுக்கலில் எழுதினேன்.