ஓடையின் பங்கு

ஆடி 12, செவ்வாய்.

என் மனைவி லட்சுமி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மத்தியானத்திலிருந்து ஓயாத வாந்தி.

யுத்தம் நடப்பதால் இந்த மலைக்குக் கீழேயிருந்து அரிசி வருவதில்லை. காலையில் பக்கத்து வீட்டுச் செல்லாயி காட்டுக் கிழங்கு கொடுத்தாள். "சீவிக் கூடையில போட்டு ராத்திரி பூரா ஓடையில வையுங்க. ஓடை அதும் பங்கைத் தின்னுட்டு மிச்சத்தை நமக்குத் தருமுங்க" என்றாள். பஞ்சத்தில் ஊரைக் காத்த கிழவி ஒருத்தி சொல்லிவைத்ததாம். கதை பிடித்திருந்தது, நோட்டில் எழுதிக்கொண்டேன். லட்சுமி கூடையை எடுத்தாள். "ஓடைக்கு என்ன பங்கு? இப்போதே வேகவை" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நான் திரும்புவதற்குள் பசியில் தின்றிருக்கிறாள்.

செல்லாயிதான் ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"கெழங்குல இருக்கிற நஞ்சு ஓடுற தண்ணியில போயிருமுங்க. வெறுமனே சொன்னா மறந்துருவாங்கன்னுதான் கதையாச் சொல்றது. நீங்க எழுதிக்கிட்டீங்களே வாத்தியாரே, கேட்டுக்கிட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

நோட்டை இப்போது பிரித்துப் பார்த்தேன். கதைக்குக் கீழே 'மூடநம்பிக்கை' என்று எழுதியிருக்கிறேன். பையன்களுக்குத் தப்புப் போடும் அதே சிவப்பு மையில். அடிக்கோடு வேறு.