அரை டின் கரி

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று சாயங்காலம் வாசலில் கரி மூட்டினார்கள். ஒரு பை கரியை மொத்தமாகக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். அந்த வாடை வேலியைத் தாண்டி ஹாலுக்குள் வந்தபோது நான் அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ இருந்திருந்தால் கேட்டைத் திறந்துகொண்டு நேரே போயிருப்பாய். "இவ்ளோ கரி எதுக்கு லா? கல்யாண விருந்தா?" என்று கேட்டு, அவர்கள் கையிலிருந்த இடுக்கியை வாங்கிப் பாதிக் கரியை வெளியே எடுத்திருப்பாய். எனக்கு அப்படிப் போகத் தெரியவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாமும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். உன் தொழிற்சாலை ஆண்டு விருந்தின் குலுக்கலில் உனக்கு அந்தக் கிரில் அடுப்பு விழுந்தது. மூன்று கால், உருண்டைச் சட்டி போல அடிப்பாகம், அதே அளவில் ஒரு மூடி. ரைஸ் குக்கர் விழும் என்று எதிர்பார்த்துப் போனவள் நீ. ஜெலுத்தோங்கில் இருக்கும் நம் சின்ன வீட்டில் அதை எங்கே வைப்பது என்று நான் முணுமுணுத்தேன். காரைச் சற்று முன்னால் தள்ளி இடம் செய்தாய். ஸ்டேக் போட வேண்டுமென்று மகள் ஆசைப்பட்டாள். தடிமனாக மூன்று துண்டு மாட்டிறைச்சி வாங்கினோம். ஒரு பை கரியையும் கொட்டினோம். மேலே கருகி, உள்ளே பச்சையாக இருந்த அந்த இறைச்சியைக் கடைசியில் நீ வெட்டி, மிளகு போட்டு வதக்கித்தான் சாப்பிட்டோம். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வெளியே வந்து பார்த்தால் நெருப்பு அப்படியே செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"கறி வேகறதுக்குப் பத்து நிமிஷம். இந்தக் கரி யாருக்காக இன்னும் எரியுது மச்சான்?" என்றாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னைக் கூப்பிட்டது அந்தப் பெயரில்தான். அன்று உன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் கடல் பாலம் கடந்து புக்கிட் தெங்காவுக்குப் போய், இயந்திரத்தில் எங்கே எது வீணாகிறது என்று கண்டுபிடிப்பதே உன் வேலை. அந்தக் கண்ணோடு இந்த அடுப்பைப் பார்க்கத் தொடங்கினாய். காலி எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் துளை போட்டாய். அதில் பாதிக்குக் கரி நிரப்பி, கீழே ஒரு தாள் பழைய பேப்பரைக் கசக்கி வைத்துக் கொளுத்தினாய். மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. கரியின் மேல் சாம்பல் பூக்கும்வரை காத்திருந்து, அடுப்பில் கொட்டி, பரப்பாமல் ஒரே பக்கமாகக் குவித்தாய். அந்தப் பக்கத்தில் இறைச்சியின் இரண்டு முகமும் சிவக்க வேண்டும். பிறகு கரி இல்லாத பக்கத்துக்கு மாற்றி மூடிவிட்டால், மிச்சத்தை உள்ளே சுற்றும் சூடே பார்த்துக்கொள்ளும். மூன்று துண்டுக்கு அரை டின் கரி போதும் என்று நீ முடிவுக்கு வர எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின! நான் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் என் கையில் ஓர் அடி விழும். "தொறந்தா காத்து உள்ள போகும். காத்து போனா கரி சீக்கிரம் எரிஞ்சிடும். சும்மா உக்காருங்க."

வேலை முடிந்ததும் மூடியில் உள்ள காற்றுத் துளையையும் அடியில் உள்ளதையும் நீயே அடைப்பாய். காற்றில்லாமல் நெருப்பு தானாக அணைந்துவிடும். மறுநாள் காலையில் மிச்சத் துண்டுகளை எடுத்துச் சாம்பலைத் தட்டி, டப்பாவில் போட்டு வைப்பாய். விரல் நுனியெல்லாம் கறுப்போடு நீ பஸ்ஸுக்கு ஓடிய காலைகள் உண்டு.

உனக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிறகு ஸ்கேன், பிறகு மருந்து ஏற்றுவது. ஐந்தாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். மருந்து கேட்கவில்லை, இனி இரண்டு மூன்று மாதம்தான் என்றார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு உன்னிடம் வந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. மருந்து மெதுவாத்தான் வேலை செய்யுதாம். கொஞ்ச நாள் ஆகும்னாரு."

என் முகத்தைப் பார்த்தாய். "சரி. கெரேத்தாவ எங்க பார்க் பண்ணீங்க? வெயில்லயா?" என்றாய்.

கோலாலம்பூரிலிருந்து மகள் லீவு போட்டு வந்த வாரம் நீ ஸ்டேக் போடச் சொன்னாய். புகை வாடை பட்டாலே உனக்கு வாந்தி வந்துகொண்டிருந்த சமயம். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. முன்சன்னலை இறுகச் சாத்தி, இடுக்கில் துண்டை அடைத்து, நாற்காலியைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாய். எனக்குப் போன் செய்தாய். நமக்கிடையில் இருந்தது பத்தடி.

"சாம்பல் பூத்துச்சா?"

"ஓரத்துல கொஞ்சம் கறுப்பா இருக்கு."

"அப்பப் பொறுங்க லா. என்ன அவசரம்?"

சாம்பல் பூத்ததும் நான் கரியை அடுப்பில் கொட்டினேன். ஒரு பக்கமாகக் குவிக்கச் சொன்னாய். கண்ணாடியில் விரல் வைத்து எந்தப் பக்கம் என்று காட்டினாய். இறைச்சியைப் போட்டதும் எழுந்த சத்தம் போனில் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாய். வாந்தி வருகிறதோ என்று பதறி இடுக்கியைக் கீழே வைத்தேன். நீ கண்ணைத் திறக்காமல், "திருப்புங்க மச்சான், நேரமாச்சு" என்றாய்.

மகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு துண்டையும் கண்ணாடிக்கு எதிரே தூக்கிக் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பாக, சாறு வற்றாமல் இருந்தது. கட்டைவிரலை உயர்த்தினாய். அப்படிப் பதமாக ஒரு ஸ்டேக் என் கையால் வந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு போனில், "காத்துத் துளை ரெண்டையும் அடைச்சிடுங்க. மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும்" என்றாய்.

நான் அடைத்தேன். அடைத்துவிட்டுக் காருக்குப் பின்னால் போய்க் குனிந்து அழுதேன். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே, அடுத்த தடவை என்கிறாளே என்று.

ஏழு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நீ போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து உறவினர்கள் புறப்பட்ட பிறகு, சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் நீ ஒன்றும் தெரியாமல் அடுத்த தடவை என்று சொன்ன அந்த மாலையைப் பற்றிச் சொன்னேன். அவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியும் அத்தா. டாக்டர் உங்ககிட்ட சொன்ன மறுநாளே நர்ஸ்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க."

"உனக்கு?"

"எங்கிட்ட சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அத்தா தாங்க மாட்டாரு, தெரியாத மாதிரியே இருந்துடுவோம்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது என் மேல்தான் என்று தெரிந்தது. பொய்யை முதலில் சொன்னவன் நான். நீ அதைக் கெடுக்காமல் காத்தாய், அவ்வளவுதான். இருவருக்கும் தெரிந்த ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, இத்தனை வாரம் நாம் கஞ்சியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியிருக்கிறோம்.

போன மாதம் எனக்கு நெஞ்சில் அடைப்பு போல வந்தது. சோதித்துப் பார்த்து, இதயத்தில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், என் வயதுக்கும் சர்க்கரைக்கும் அதில் ஆபத்தும் உண்டு என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் போன் செய்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு அத்தா?"

"ஒண்ணுமில்லம்மா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். பிறகு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.  அவள் அழுவது கேட்டது. மறுநாள் மத்தியானமே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் நெடுநேரம் பேசினோம். உன்னை அடக்கிய இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைக்குமா என்பதைக்கூடப் பேசினோம். நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கா அத்தா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றேன். சொன்னதும் மூச்சு லேசாக வந்தது.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. பைக்குள் துணி எடுத்து வைத்துவிட்டேன். இந்த ஒரு கேள்வி மட்டும் என்னோடு வருகிறது. அத்தனை நாள் உன் பக்கத்திலேயே இருந்தேனே, உனக்குப் பயமாக இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லையே.