நீ நின்ற முதல் மாடி

என் அம்மாவுக்கு,

கால் கடுக்காத ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஷாப்பிங் காம்ப்ளக்ஸில் நீ வேலை பார்த்த ஜவுளிக்கடையை, நீ போன மறுவருஷமே மூடிவிட்டார்கள். முதல் மாடி ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. இப்போது சிறுசேரிக் கம்பெனி ஒன்று அதை வாடகைக்கு எடுத்து ஆபீஸாக மாற்றுகிறது. ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அங்கே நிர்வாகப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. படாளத்திலிருந்து நீ வந்த அதே பஸ்ஸில்தான் வருகிறேன். நம் வீட்டில் இப்போது சம்பாதிப்பது நான் மட்டும்தான்.

புடவை அலமாரிகளைப் பெயர்த்தபோது பக்கத்தில் நின்றேன். அலமாரிக்கு அடியில் தரை புதிதாக இருந்தது. முன்னால் சேல்ஸ் பெண்கள் நீங்களெல்லாம் நின்ற இடம் தேய்ந்து மங்கியிருந்தது. அதன்மேல் கார்பெட் போட்டுவிட்டார்கள்.

அந்த மாடிக்கே ஒரு டோக்கன்தான் என்று சொல்வாயே. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். போனவள் வரும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் யாரும் கேட்கவே மாட்டீர்கள். காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது உங்களுக்குள் ஒரு வழக்கம். கிட்னி போன பிறகு டாக்டர், "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டபோது நீ ஏன் சிரித்தாய்?

புது ஆபீஸில் முதல் மாடியிலேயே பெண்களுக்குப் பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் உன்னைத்தான் நினைத்தேன். போன வாரம் மேனேஜர் ஒரு பலகையைக் கொடுத்து அந்தக் கதவில் மாட்டச் சொன்னார். 'கம்பெனி ஊழியர்களுக்கு மட்டும்.' காண்ட்ராக்டில் துப்புரவுக்கு வரும் பெண்கள் கீழே, பார்க்கிங்குக்குப் பின்னால் போக வேண்டுமாம். அவர்களில் ஒருத்தி செல்வி அக்கா. உன்னோடு பிளவுஸ் பிட் செக்‌ஷனில் நின்றவள்.

எனக்குத்தான் யார் முன்னாலும் பேச வராதே. இருந்தும் சொன்னேன். "சார், எங்கம்மா இந்த மாடியிலதான் வேல செஞ்சாங்க."

"அப்படியா? எந்த செக்‌ஷன்?"

"பிளவுஸ் பிட்."

"எங்க வீட்ல அங்கதான் எடுப்பாங்க. மேட்சிங் கரெக்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏசிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். டோக்கன் கதையைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

பலகையை மாட்ட மனசில்லை என்று செல்வி அக்காவிடம் சொன்னேன். அவள் மாப் போடுவதை நிறுத்தவில்லை.

"இன்னாடி பேஜாரு பண்ற? வேலைக்கு வந்து ஒரு மாசங்கூட ஆவல. உங்கம்மாவும் நானும் அடக்கிகினு நிக்கலயா? பழகிப்போச்சுடி. பலகைய மாட்டிட்டு உன் வேலையப் பாரு."

"தண்ணி பாட்டில் எடுத்தாந்தியாக்கா?"

"இன்னாத்துக்கு?"

அவள் கால் வீங்கியிருக்கிறது, அம்மா. உனக்கும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தது.

பலகை என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் திறப்பு. இந்த வேலை போனால் அப்பாவை எப்படிக் காப்பாற்றுவேன் என்று தினமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நீ இருந்தால், பேசாமல் மாட்டிவிடு என்றுதான் சொல்லியிருப்பாயோ?

மாட்ட மாட்டேன், அம்மா. ஏன் என்று மேனேஜர் கேட்பார். குரல் நடுங்கும், பரவாயில்லை. நீ எதனால் செத்தாய் என்று அவருக்குச் சொல்வேன்.

உன் ஒரே மகள்,
தேவி